முளைக்கும் முன்னே அறுவடைக் கணக்கு

செகண்ட் இயர் கடைசியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு நிதித் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். மாணவர்களின் புது ஐடியாக்களுக்குப் பணம் தரும் திட்டம். பெயர் வேண்டாம், இதே மாதிரி இன்னும் பத்து இருக்கின்றன. ஃபார்மின் நாலாவது பக்கத்தில் ஒரு பெரிய கட்டம்: அடுத்த ஐந்து ஆண்டுகளில் எதிர்பார்க்கும் வருவாய், ஆண்டுவாரியாக.

அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது ஒரு பிரெட்போர்டு, ஒரு இஎஸ்பி32 கேமரா மாட்யூல், ஹாஸ்டல் மொட்டை மாடியில் பேசிப் பேசிப் பெருசாக்கிய ஒரு ஐடியா. இதை வைத்து ஐந்து வருட வருமானத்தை எப்படி எழுதுவது? தமிழ்நாட்டில் எத்தனை விசைத்தறி என்று கூகுளில் தேடினோம். அதில் 1 சதவீதம் பேர் வாங்குவார்கள் என்று வைத்துக்கொண்டோம். ஏன் 1? ஏனென்றால் 10 என்று எழுத வெட்கமாக இருந்தது. ஒரு கருவி 4,000 ரூபாய் என்று பெருக்கி எக்செல்லில் இழுத்ததும் கோடு அழகாக மேலே போனது. நாங்களே பார்த்துச் சிரித்தோம். சிரித்துவிட்டு அனுப்பிவிட்டோம்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு மெயில். தேர்வாகவில்லை, தொடர்ந்து முயற்சி செய்யவும். அவ்வளவுதான். எது சரியில்லை என்று ஒரு வரிகூட இல்லை.

இது புலம்பல் கட்டுரை இல்லை. எங்கள் ஐடியா தோற்க வேண்டிய ஐடியாதான். அது ஏன் தோற்க வேண்டியது என்பதை அந்த இரண்டரை மாதத்தில் நாங்களும் கண்டுபிடிக்கவில்லை, திட்டமும் கண்டுபிடிக்க உதவவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். உங்களில் பாதிப் பேர் இந்த வருடம் ஏதாவது ஒரு ஃபார்ம் நிரப்பப் போகிறீர்கள். மீதிப் பாதியில் சிலர் நம் இ-செல்லில் உட்கார்ந்து அந்த ஃபார்மை வடிவமைக்கப் போகிறீர்கள். ரெண்டு பேருக்கும் இதில் வேலை இருக்கிறது.

மாமா கொட்டகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

முதலில் அந்த ஐடியாவைச் சொல்லிவிடுகிறேன். சோமனூர் பக்கம் என் மாமா ஆறு தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறார். பாவும் ஊடை நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், இவர் நெய்து கொடுத்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார். பாவில் ஒரு நூல் அறுந்தால், பார்த்துக் கட்டும்வரை துணியில் நீளவாக்கில் கோடு விழும். கேமரா வைத்து நூல் அறுந்ததைக் கண்டுபிடித்து மொபைலுக்கு அலர்ட் அனுப்புவதுதான் எங்கள் ஐடியா. ஏஐ என்ற வார்த்தை ஃபார்மில் பதினோரு இடத்தில் வந்தது. நான்தான் எண்ணினேன்.

மெயில் வந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சும்மா இருக்கட்டுமே என்று கேமராவை ஒரு தறிக்கு மேல் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் லென்ஸ் மேல் பஞ்சு படிந்து எல்லாம் மூடுபனி. தறி அடிக்கிற அடியில் கேமரா ஆட, படம் முழுக்க இழுத்துவிட்ட கோடுகள். இதையெல்லாம் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் மாமாவிடம் ஐடியாவை விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டார்.

“ஏன் கண்ணு, நூல் அறுந்தா எனக்குத் தெரியாதா? ஆறு தறியச் சுத்தி வர எத்தன நேரம் ஆவுது?”

“இல்லீங் மாமா, நீங்க அந்தப் பக்கம் இருந்தீங்கன்னா…”

“அந்தப் பக்கம் இருந்தா இந்தப் பக்கம் வருவேன். என்ர கஷ்டம் அதில்ல. துணி போன பொறவு அங்க விரிச்சுப் பாக்கறாங்க. குத்தம் இருந்தா கூலில பிடிச்சுக்கறாங்க. எந்தத் தறில, என்னைக்கு வந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. கரண்டு போயி வந்தப்ப விழுந்ததா, அவங்க குடுத்த நூலே மோசமான்னு யாரு கண்டா?”

அவ்வளவுதான். அவருக்குத் தேவை கண் இல்லை, கணக்கு. எந்தத் தறி எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை பிக் ஓடியபோது நின்றது, எத்தனை தடவை நூல் அறுந்து நின்றது. இதைச் சேர்த்துவைத்தால் அடுத்த முறை கூலி பிடிக்கும்போது அவர் கையில் ஒரு தாள் இருக்கும். இதற்குக் கேமராவும் வேண்டாம், ஏஐயும் வேண்டாம். சுற்றும் தண்டில் ஒரு சின்னக் காந்தம், எதிரே ஒரு ஹால் சென்சார், ஒரு பட்டன், ஒரு மெமரி கார்டு. முதல் லேப் எக்ஸ்பெரிமென்ட் அளவு எலக்ட்ரானிக்ஸ்.

இப்போது அந்த ஃபார்மை மறுபடி பாருங்கள். பதினான்கு பக்கம். மார்க்கெட் அளவு, போட்டியாளர் பட்டியல், காப்புரிமை நிலை, வருவாய் மாதிரி, டீமின் தகுதி. “இந்தப் பிரச்சினை உள்ள எத்தனை பேரிடம் பேசினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள்?” என்று மட்டும் எங்கும் இல்லை. அந்த ஒரு கேள்வி இருந்திருந்தால், வெட்கத்துக்காகவாவது நாங்கள் விண்ணப்பிக்கும் முன்பே மாமாவிடம் போயிருப்போம்.

சல்லடையா, நாற்றங்காலா

நிதித் திட்டம் இரண்டு வேலை செய்யலாம். வந்த ஐடியாக்களில் நல்லதைச் சலித்து எடுக்கலாம். அல்லது வந்த ஐடியாக்களை நல்லதாக்கலாம். பெரும்பாலான திட்டங்கள் வெளியே இரண்டாவதைச் சொல்லிக்கொண்டு உள்ளே முதலாவதை மட்டும் செய்கின்றன. சலிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கம்பெனி ஆரம்பித்து, நாலு வாடிக்கையாளர் பிடித்து, பெரிய பணம் கேட்டு வருபவரைச் சலிக்கத்தான் வேண்டும். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் 2021-இல் 945 கோடி ரூபாயோடு வந்தது. ப்ரூஃப் ஆஃப் கான்செப்ட் கட்டத்துக்கு 20 லட்சம் வரை மானியம் உண்டு. ஆனால் அங்கே போக அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்பாக இருக்க வேண்டும். அதாவது கம்பெனி பதிந்திருக்க வேண்டும். அந்தக் கதவில் ஐந்து வருடக் கணக்கு கேட்டால் நியாயம். முளைக்காத விதையிடம் அறுவடைக் கணக்கு கேட்பதுதான் வேடிக்கை. கேட்டால் என்ன கிடைக்கும்? கதை கிடைக்கும். கதை நன்றாக எழுதுபவருக்குப் பணம் கிடைக்கும்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு, தோற்றவர்களின் நேரம். ஆஸ்திரேலியாவில் இதைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அங்கே மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் தேசிய அமைப்புக்கு 2012-இல் 3,727 விண்ணப்பங்கள் வந்தன. புதிதாக ஒரு விண்ணப்பம் எழுத சராசரியாக 38 வேலை நாட்கள். எல்லாவற்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 550 மனித ஆண்டு உழைப்பு. பணம் கிடைத்தது ஐந்தில் ஒருவருக்கு. மீதி நாலு பேர் எழுதிய தாளெல்லாம் அவர்களுக்கே ஏதாவது கற்றுக்கொடுத்திருந்தால் பரவாயில்லை. ஃபார்ம் அப்படி அமைந்திருந்ததா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பக் கட்ட நிதித் திட்டத்தை அளக்க ஒரே ஒரு அளவுகோல் போதும்: பணம் கிடைக்காதவரும் வந்ததைவிடத் தெளிவான ஐடியாவோடு திரும்பிப் போகிறாரா?

நல்ல கேள்விகள் கொண்ட ஃபார்ம்

ஃபார்மே பாடம் நடத்த முடியுமா? முடியும். ஜார்ஜ் ஹைல்மையர் என்ற எலக்ட்ரிகல் இன்ஜினியர் 1960-களில் ஆர்சிஏ கம்பெனியில் திரவப் படிகத் திரைகளில் முன்னோடி வேலை செய்தவர். உங்கள் கால்குலேட்டர் திரையின் முன்னோர். 1975 முதல் 1977 வரை அமெரிக்காவின் டார்ப்பாவுக்குத் தலைவராக இருந்தார். பணம் கேட்டு வரும் ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும் என்று அவர் ஒரு கேள்வித்தொகுப்பு வைத்திருந்தார். அதன் சாரத்தை நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன்.

என்ன செய்யப் போறீங்க, டெக்னிக்கல் வார்த்தை ஒண்ணுகூட இல்லாம சொல்லுங்க. இன்னைக்கு அந்த வேலையை எப்படிச் செய்யறாங்க, அதுல எங்க இடிக்குது? உங்க முறையில புதுசு என்ன, அது நடக்கும்னு ஏன் நம்பறீங்க? நடந்தா யாருக்கு என்ன மாறும்? எங்க சறுக்கலாம்? எவ்வளவு செலவு, எவ்வளவு நாள்? பாதி வழியில வச்சுப் பார்க்க என்ன பரீட்சை, கடைசியில என்ன பரீட்சை?

இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். “இன்றைக்கு எப்படிச் செய்கிறார்கள்?” இதற்கு ஹாஸ்டல் மாடியிலிருந்து பதில் எழுத முடியாது. கொட்டகைக்குப் போயே ஆக வேண்டும். கடைசிக் கேள்வியும் அப்படித்தான். நடுவில் வைக்கும் பரீட்சை என்ன என்று எழுத உட்கார்ந்தால், எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்பதே நமக்குத் தெரியவில்லை என்று பிடிபடும். எங்கள் கேமராவுக்கு இந்தக் கேள்வி வந்திருந்தால் “ஒரு மணி நேரம் தறிக்கு மேல் வைத்துப் பார்ப்போம்” என்று எழுதியிருப்போம். அரை மணி நேரத்திலேயே பதில் வந்திருக்கும்.

டார்ப்பா ராணுவ ஆராய்ச்சி நிறுவனம், அவர்கள் பணமும் நோக்கமும் வேறு. நமக்கு வேண்டியது அந்தக் கேள்விகள் மட்டும்தான். எந்த ஃபார்ம் நிரப்புவதாக இருந்தாலும், நிரப்பும் முன் இந்த ஏழுக்கும் ஒரு தாளில் பதில் எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கேதான் உங்கள் அடுத்த வேலை.

நூறு பேரிடம் பேசு

கேள்வி கேட்பதோடு நிற்காமல் பணம் கொடுத்து வெளியே துரத்தும் திட்டமும் ஒன்று உண்டு. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் ஐ-கார்ப்ஸ் என்று தொடங்கியது. ஸ்டீவ் பிளாங்க் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய வகுப்பிலிருந்து வந்த முறை. மூன்று பேர் டீம்: ஒரு மாணவரோ ஆராய்ச்சியாளரோ முன்னால் நிற்பார், அவருடைய பேராசிரியர் தொழில்நுட்பத்துக்கு, வெளித் தொழில் அனுபவமுள்ள ஒருவர் வழிகாட்டியாக. ஏழு வாரம். 50,000 டாலர். இந்த ஏழு வாரத்தில் குறைந்தது 100 பேரை நேரில் பார்த்துப் பேச வேண்டும். யாரிடம் விற்பதற்காகவும் இல்லை, கேட்பதற்காக. ஒவ்வொரு வாரமும் எல்லோர் முன்னும் நின்று “போன வாரம் இப்படி நினைத்தோம், இப்போது இப்படித் தெரிகிறது” என்று சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கடைசி வாரம். டீம் ஒரு முடிவு சொல்ல வேண்டும், தொடர்கிறோம் அல்லது நிறுத்துகிறோம். நிறுத்துகிறோம் என்பதும் முழு மரியாதையுள்ள விடை. ஒரு ஐடியா சரிவராது என்று ஏழு வாரத்தில் கண்டுபிடித்தால் அடுத்த மூன்று வருடம் மிச்சம். நம் ஊரில் இதைச் சொல்லிப் பாருங்கள். செகண்ட் ரிவ்யூவில் “சார், இது வேலைக்கு ஆகாதுன்னு கண்டுபிடிச்சுட்டோம்” என்றால் என்ன நடக்கும்? அதனால்தான் பலரும் வேலைக்கு ஆகாத ஐடியாவையே வைவாவரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறோம். நிதித் திட்டங்களும் அப்படித்தான். கொடுத்த பணத்துக்கு வேலை செய்யும் ப்ரோட்டோடைப் ஒன்றைக் காட்டினால்தான் பயன்பாட்டுச் சான்றிதழ் எழுத முடியும் என்ற பயம். “கற்றுக்கொண்டது இது” என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

50,000 டாலருக்கு நாம் எங்கே போவது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பறந்து போய்ப் பேச வேண்டியிருக்கும், சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். நமக்குத் திருப்பூருக்கும் சோமனூருக்கும் டவுன் பஸ் போதும். இருபது பேரிடம் பேச ஒரு டீமுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பஸ் காசும் டீ காசும் ஆகும். இதைக் கொடுக்கத்தான் எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை. “உபகரணம்” என்றால் 50,000 கிடைக்கும், “பயணம்” என்றால் முறைப்பார்கள்.

படிப்படியாகக் கொடுப்பது

சின்னத் தொகை, பிறகு பெரிய தொகை என்று பிரிப்பது அடுத்த நல்ல வழி. நம் மாநிலத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் புத்தாக்க வவுச்சர் தருகிறது. ஆரம்பக் கட்டத்துக்கு ஏ வவுச்சர், 2 லட்சம் வரை. ஓரளவு வடிவம் பெற்றதைச் சந்தைக்குக் கொண்டுபோக பி வவுச்சர், 5 லட்சம் வரை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாமல் பிரித்ததே பெரிய விஷயம்.

மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் ப்ரோட்டோடைப் செய்ய 10 லட்சம் வரை தருகிறார்கள். பணத்தோடு, பிரயாஸ் மையத்தில் கருவிகள் உள்ள பட்டறையும் வழிகாட்டியும் உண்டு. முதல்முறை லேசர் கட்டர் பக்கம் போகிற ஒருவருக்கு அந்தப் பட்டறைக்காரர் சொல்லும் பத்து நிமிஷப் பேச்சு ஒரு லட்சத்துக்குச் சமம். விண்ணப்பிக்கும் முன் இந்த இரண்டின் இப்போதைய விதிகளையும் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவை அவ்வப்போது மாறும்.

ஆனால் பாருங்கள், 2 லட்சம்கூட எங்களுக்கு அன்றைக்கு அதிகம்தான். கேமரா மாட்யூல் அறுநூறு ரூபாய். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு வாரமும் ஒரு கேள்வியும். 2 லட்சத்துக்குக் கீழே ஒரு படி காணோம். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டம் சில ஆயிரம் தருகிறது, நல்ல விஷயம். ஆனால் அது இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு. தலைப்பு முடிவான பிறகு வரும் பணம் அது. தலைப்பைத் தேடும் காலத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

எம்ஐடியில் 2016-இல் தொடங்கிய சாண்ட்பாக்ஸ் திட்டம் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. டீமுக்கு 25,000 டாலர் வரை உண்டு என்றாலும் மொத்தமாகக் கையில் தருவதில்லை. முதலில் சிறு தொகை, வழிகாட்டி, அடுத்து என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்ற பேச்சு. அது முடிந்தால் அடுத்தது. முதல் பரிசு இரண்டாம் பரிசு என்று போட்டியாக அதை நடத்துவதில்லை. மாணவர் வளர்வதுதான் குறி என்று வைத்துக்கொண்டால் போட்டிக்கு அவசியமும் இல்லை.

இதே எண்ணத்தை விண்ணப்பத்திலும் கொண்டுவரலாம். அமெரிக்க அறிவியல் அறக்கட்டளை, சிறு கம்பெனிகளுக்கான நிதியில் 2019 முதல் ஒரு மாற்றம் செய்தது. முழு விண்ணப்பத்துக்கு முன் சில பக்கக் குறிப்பு ஒன்றை அனுப்ப வேண்டும். அதைப் படித்து, முழுசாக எழுது என்றோ வேண்டாம் என்றோ சில வாரங்களில் சொல்லிவிடுவார்கள். வேண்டாம் என்றால் வலிக்கும். ஆனால் பதினான்கு பக்கமும் எக்செல் கோடும் எழுதிய பிறகு வரும் வலி அதைவிடப் பெருசு.

“பிச் டெக்” பயிற்சி உதவியா?

உதவி என்ற பெயரில் நடப்பதில் பாதி, ஸ்லைடு அழகுபடுத்தும் பயிற்சி. இரண்டு நாள் பூட்கேம்ப் போவோம். முதல் ஸ்லைடில் பிரச்சினை, இரண்டாவதில் தீர்வு, மூன்றாவதில் வட்டத்துக்குள் வட்டமாக மார்க்கெட். வெளியே வரும்போது எல்லா டீமும் ஒரே மாதிரி பேசும். கல்யாண ஆல்பம் மாதிரி, முகம் மட்டும் மாறும். பேசக் கற்றுக்கொள்வது கெட்டதில்லை. ஆனால் தப்பான ஐடியாவை அழகாகச் சொல்லப் பழகினால், அது தப்பு என்று தெரிய இன்னும் நாளாகும். எங்களுக்கும் ஒரு வழிகாட்டி இருந்தார், நல்ல மனுஷன். கோட்டின் நிறத்தைப் பச்சையாக மாற்றச் சொன்னார்.

வழிகாட்டியே நீதிபதியாக இருப்பது அடுத்த சிக்கல். மார்க் போடப் போகிறவரிடம் “எனக்கு இது புரியவில்லை” என்று யார் சொல்வார்? தெரியாததை மறைத்துத் தெரிந்ததைப் பெருசாகக் காட்டுவோம். உதவுபவரும் தேர்ந்தெடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால்தான் மனசு திறந்து பேச முடியும். சின்னக் காலேஜில் ஆள் பற்றாக்குறை இருக்கும்தான். அப்படியென்றால் ஒரு டிபார்ட்மென்ட் டீமுக்கு இன்னொரு டிபார்ட்மென்ட் நீதிபதி என்று மாற்றிப் போடலாம்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், தமிழ் இதழில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? மாமா சொன்னதைத் தமிழில் எழுதினால் மூன்று வரி. ஃபார்முக்காக ஆங்கிலத்தில் எழுதியபோது “கூலி பிடிக்கிறார்கள்” என்பது காணாமல் போய் “தரக் கட்டுப்பாட்டுச் சவால்கள்” என்று அர்த்தம் வரும் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. பிரச்சினையின் உயிர் அந்த “பிடிக்கிறார்கள்” என்ற சொல்லில்தான் இருந்தது. முதல் குறிப்பையாவது தமிழில் எழுதவோ, குரல் பதிவாக அனுப்பவோ விட்டால் என்ன? படிக்கும் சாருக்கும் தமிழ்தான் தாய்மொழி.

பில் கொடுத்தால்தான் பணம் என்ற விதி வேறு. முதலில் நீ வாங்கு, ஜிஎஸ்டி பில் கொடு, இரண்டு மாதம் கழித்து வரும் என்பார்கள். மெஸ் பில் கட்டவே யோசிக்கிற பையனுக்கு இந்த ஒரு விதி போதும், அவன் ஃபார்மே வாங்க மாட்டான். அவன் ஐடியா எப்படி இருந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியப் போவதில்லை.

சரி, எல்லோருக்கும் உதவி செய்தாச்சு, நல்ல குறிப்பு நாற்பது வந்துவிட்டது, பணம் பத்துப் பேருக்குத்தான் இருக்கிறது. அப்போது? இந்தக் கட்டத்தில் எது ஜெயிக்கும் என்று நிஜமாகவே யாராலும் சொல்ல முடியாது. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013 முதல் ஒருவகைச் சிறு நிதியில் இதை ஒப்புக்கொண்டது. தகுதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, தேறியவர்களுக்குள் குலுக்கல் போட்டது. சிரிக்காதீர்கள், உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கும் குடவோலை முறையும் தகுதி பார்த்துவிட்டுக் குலுக்கியதுதான்.

நம் கேம்பஸில் என்ன செய்யலாம்

நம் இ-செல் நண்பர்களோடு போன மாதம் இதைப் பேசினேன். பெரிய நிதி கேட்கவில்லை. முதல் சுற்றில் அரைப் பக்கக் குறிப்பு மட்டும், தமிழிலோ ஆங்கிலத்திலோ. பத்து நாளில் பதில். பதிலில் “ஆம்”, “இல்லை” எதுவாக இருந்தாலும் மூன்று வரி காரணம் கட்டாயம். “இல்லை” வந்தவர் அதே செமஸ்டரில் ஒருமுறை திருத்தி அனுப்பலாம். “ஆம்” வந்தவருக்கு 5,000 ரூபாய்க்குள், முன்பணமாக, ஒரே ஒரு கேள்விக்கு விடை தேட. முடிவில் ப்ரோட்டோடைப் கேட்கக் கூடாது. கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்று ஒரு பக்கம் எழுதினால் போதும்.

ஒரு சீனியர் உடனே கேட்டார், “அஞ்சாயிரத்த வாங்கிட்டு பிரியாணி சாப்ட்டா?” நியாயமான கேள்வி. சிலர் சாப்பிடுவார்கள். பத்து டீமில் இரண்டு டீம் சாப்பிட்டாலும் போவது 10,000 ரூபாய். நேராக ஒரு டீமுக்கு ஒரு லட்சம் கொடுத்து, அது கண்ணாடி அலமாரிக்குள் தூசி பிடிப்பதைவிட இது மலிவு. இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது: எல்லாக் குறிப்புக்கும் மூன்று வரி காரணம் எழுத யாருக்கு நேரம்? எண்பது குறிப்பு வந்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம், மொத்தம் பதிமூன்று மணி நேரத்துக்கு மேல். நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு சனிக்கிழமை மதியம். பதினான்கு பக்க ஃபார்ம் எண்பதைப் படிப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையில் அவற்றை யாரும் முழுசாகப் படிப்பதில்லை என்பது ஊரறிந்த ரகசியம்.

காரணம் எழுதுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். “புதுமை போதாது” என்பது காரணம் ஆகாது, அதை வைத்து அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. “நூல் அறுந்தால் நெசவாளருக்கு இப்போது எப்படித் தெரிகிறது என்று நீங்கள் எழுதவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்பது காரணம். இந்த ஒரு வரி எங்களுக்கு வந்திருந்தால் மெயிலைப் பிரிண்ட் எடுத்து மாட்டியிருப்பேன்.

மாதிரிக்கு ஒரு குறிப்பு வேண்டும் என்றார்கள். எங்களுடையதையே இப்போது எழுதினால் எப்படி இருக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியே தருகிறேன், காப்பி அடித்துக்கொள்ளலாம்.

யாருக்கு: கூலிக்கு விசைத்தறி ஓட்டும் சிறு தறிக்காரர்கள், நாலு முதல் எட்டுத் தறி வரை வைத்திருப்பவர்கள்.

இன்றைக்கு என்ன நடக்கிறது: துணியில் குற்றம் இருந்தால் கூலியில் பிடிக்கிறார்கள். எந்தத் தறியில், எப்போது, எதனால் வந்தது என்று தறிக்காரரிடம் பதிவு இல்லை. அதனால் பேச முடிவதில்லை.

யாரிடம் பேசினோம்: மூன்று தறிக்காரர்கள். இருவர் இதையே சொன்னார்கள். மூன்றாமவர் “தாளக் காட்டுனா மட்டும் உட்ருவாங்களா?” என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியாதது: மூன்றாமவர் சொன்னதுதான். பதிவு இருந்தால் ஜவுளிக்காரர் ஒப்புக்கொள்வாரா?

எப்படிக் கண்டுபிடிப்போம்: ஒரு தறியில் காந்தமும் ஹால் சென்சாரும் வைத்து மூன்று வாரம் நின்ற நேரம், பிக் எண்ணிக்கை பதிவு செய்வோம். அதே துணி அங்கே விரிக்கப்படும்போது நாங்களும் கூட நின்று, குற்றம் விழுந்த மீட்டரையும் எங்கள் பதிவையும் ஒப்பிடுவோம். பிறகு தாளை ஜவுளிக்காரரிடம் காட்டி என்ன சொல்கிறார் என்று கேட்போம்.

எப்போது நிறுத்துவோம்: இரண்டு ஜவுளிக்காரர்களும் தாளைப் பார்க்கவே மறுத்தால்.

வேண்டியது: சென்சார், போர்டு, மெமரி கார்டு, பேட்டரி 1,450 ரூபாய். பஸ் 900. தறிக்கொட்டகையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 250. மொத்தம் 2,600 ரூபாய்.

இ-செல் இன்னும் பதில் சொல்லவில்லை. செமஸ்டர் முடிந்து பார்க்கலாம் என்கிறார்கள். நாங்கள் நாலு பேரும் ஆளுக்கு அறுநூற்று ஐம்பது போட்டுவிட்டோம். வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் சோமனூர் போகிறோம். மாமா மூன்றாவது தறியைக் காட்டி, “இதுல மாட்டிக்க கண்ணு, இதுதான் அடிக்கடி நிக்கும்” என்று சொல்லிவைத்திருக்கிறார்.